பக்கத்துக்குள் ஒரு மரம்

1990-ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில், ஜெனீவாவை அடுத்த செர்ன் ஆய்வகத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ ஒரு நெக்ஸ்ட் கணினியில் எழுதி முடித்த மென்பொருளுக்கு 'வேர்ல்டுவைடுவெப்' என்று பெயர். உலகின் முதல் இணைய உலாவி அது. முதல் இணையப் பக்க எடிட்டரும் அதுதான். ஒரு பக்கத்தைத் திறந்து வாசித்துக்கொண்டே வரலாம். ஒரு சொல் சரியில்லை என்று பட்டால் அங்கேயே கர்சரை வைத்து மாற்றிவிடலாம். வாசிக்க ஒரு ஜன்னல், எழுத இன்னொரு ஜன்னல் என்ற பிரிவே அதில் இல்லை.

இணைப்பு கொடுக்கும் முறை இன்றைக்கும் பொறாமைப்பட வைக்கும். எந்தப் பக்கத்துக்கு இணைப்பு வேண்டுமோ அதைத் திறந்து, 'இதைக் குறித்துக்கொள்' என்ற பொருள்படும் கட்டளையைக் கொடுக்க வேண்டும். பிறகு தன் பக்கத்துக்குத் திரும்பி, சில சொற்களைத் தேர்ந்தெடுத்து, 'குறித்ததோடு இணை' என்று சொன்னால் முடிந்தது. நீளமான முகவரியைத் தட்டச்சு செய்யும் வேலையே கிடையாது. இன்னொரு கட்டளை, தேர்ந்தெடுத்த சொல்லிலிருந்து புதிதாக ஒரு வெற்றுப் பக்கத்தைத் திறந்து, அதற்கு இணைப்பையும் தானே போட்டுவிடும். பக்கங்களுக்கான எச்டிஎம்எல் மொழியை உருவாக்கியவரே பெர்னர்ஸ்-லீதான். ஆனாலும் கோண அடைப்புக்குறிகள் நிறைந்த அந்த மொழியைச் சாதாரண மனிதர்கள் கண்ணால் பார்க்க வேண்டிவரும் என்று அவர் எண்ணவில்லை. மனிதர்கள் பக்கத்தைப் பார்ப்பார்கள், பக்கத்திலேயே எழுதுவார்கள், அடைப்புக்குறிகளை எந்திரம் பார்த்துக்கொள்ளும் என்பதே அவருடைய எண்ணம்.

நடந்தது வேறு. நெக்ஸ்ட் கணினி விலை அதிகம், வைத்திருந்தவர்கள் குறைவு. எல்லா வகைக் கணினியிலும் ஓடக்கூடிய உலாவி ஒன்று அவசரமாகத் தேவைப்பட்டது. செர்னில் பயிற்சிக்கு வந்திருந்த கணித மாணவி நிக்கோலா பெல்லோ அதை எழுதிக் கொடுத்தார். வரிவரியாக எழுத்தை மட்டும் காட்டும் எளிய உலாவி. வாசிக்க மட்டுமே முடியும். 1993-இல் இல்லினாய் பல்கலைக்கழகத்திலிருந்து மொசைக் வந்தது. எழுத்தோடு படங்களையும் ஒரே ஜன்னலில் காட்டி உலகையே இணையத்தின் பக்கம் திருப்பிய உலாவி. அதிலும் எழுதும் வசதி இல்லை. இணையம் கோடிக்கணக்கானவர்களின் கைக்கு வந்து சேர்ந்தபோது அது வாசிக்கும் ஊடகமாக மாறியிருந்தது. எழுத விரும்பியவர்கள் அடைப்புக்குறிகளை மனப்பாடம் செய்ய வேண்டியதாயிற்று.

பக்கத்தைக் காட்டுவதைவிட, பக்கத்தில் எழுதவிடுவது ஏன் இவ்வளவு கடினம்? தோற்றத்தைப் பார்த்துக்கொண்டே எழுதவிடும் ஒரு விஷுவல் எடிட்டரைத் திறந்து பத்து நிமிடத்தில் ஒரு பக்கம் செய்துவிடும் நமக்கு இந்தக் கேள்வியே தோன்றுவதில்லை. அதன் பதில்தான் இந்தத் துறையின் உண்மையான அதிசயம் என்று நினைக்கிறேன்.

ஒரு சின்ன உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். கிளை நூலகம் ஒன்றுக்கு ஒரு பக்கம். மேலே நூலகத்தின் பெயர். கீழே இரண்டு வரி அறிமுகம். அதற்குக் கீழே திறந்திருக்கும் நேரங்கள், பட்டியலாக. 'வெள்ளிக்கிழமை விடுமுறை' என்ற வரியில் கிழமை மட்டும் தடித்த எழுத்தில். கடைசியாகக் கட்டடத்தின் புகைப்படம். கண்ணுக்கு இது ஒரு தாள் போலத் தெரிகிறது. கணினிக்கு இது தாளே அல்ல. பெயர், 'எச்1' என்ற டேக்குக்குள், அதாவது கோண அடைப்புக்குறிகளால் ஆன குறிக்குள், இருக்கிறது. இது முதல் நிலைத் தலைப்பு என்று பொருள். அறிமுகம் 'பி' என்ற பத்தி டேக்குக்குள். நேரங்கள் 'யூஎல்' என்ற பட்டியலுக்குள். ஒவ்வொரு நேரமும் 'எல்ஐ' என்ற உருப்படிக்குள். வெள்ளிக்கிழமை என்ற சொல், உருப்படிக்குள் இருக்கும் இன்னொரு டேக்குக்குள். அடுக்குப் பாத்திரம் போல ஒன்றுக்குள் ஒன்று, அதற்குள் இன்னொன்று. ஒரு பாத்திரத்துக்குள் பல சிறிய பாத்திரங்கள் அருகருகே இருக்கலாம். ஆனால் இரண்டு பாத்திரங்கள் ஒன்றையொன்று பாதியில் வெட்டிக்கொண்டு நிற்க முடியாது. இந்த அமைப்பைத்தான் மென்பொருள் எழுதுபவர்கள் மரம் என்கிறார்கள். 1998-இல் வெளியான டாம் என்ற தரநிலை, இந்த மரத்தின் கிளைகளை நிரல்கள் எப்படித் தொட்டு மாற்றலாம் என்று வகுத்தது.

ஆக, திரையில் நாம் தொடுவது தாள். மாற வேண்டியது மரம். நடுவில் நிற்கும் மொழிபெயர்ப்பாளர்தான் எடிட்டர்.

'கண்ணில் தெரிவதுதான் கையில் கிடைக்கும்' என்ற ஆசை இணையத்தைவிட மூத்தது. 1974-இல் கலிஃபோர்னியாவில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பார்க் ஆய்வகத்தில் பட்லர் லாம்ப்சனும் சார்லஸ் சிமோன்யியும் 'பிராவோ' என்ற எடிட்டரை உருவாக்கினார்கள். அது ஓடிய ஆல்ட்டோ கணினியின் திரை அகலம் 606 புள்ளி, உயரம் 808 புள்ளி. நிமிர்த்தி வைத்த தாளின் வடிவத்திலேயே திரையைச் செய்திருந்தார்கள். தடித்த எழுத்து திரையிலும் தடித்தே தெரிந்தது. அதே ஆய்வகத்தில் கேரி ஸ்டார்க்வெதரின் லேசர் அச்சுப்பொறியும் இருந்தது. திரையில் பார்த்ததை அச்சில் எடுக்க முடிந்தது. சிமோன்யி பிறகு மைக்ரோசாஃப்டுக்குப் போய் வேர்டு மென்பொருளை உருவாக்கும் குழுவை நடத்தினார். இன்றைக்கு நாம் அலுவலகத்தில் தட்டச்சு செய்யும் கடிதம்வரை அந்த வம்சம் நீள்கிறது.

பிராவோவின் வாக்குறுதி தாளை நம்பி நின்றது. தாளுக்கு நீளமும் அகலமும் நிலையானவை. இணையப் பக்கத்துக்கு அப்படி எதுவும் கிடையாது. நூலகப் பக்கத்தை ஒருவர் மேசைக்கணினியில் பார்ப்பார், ஒருவர் பேருந்தில் நின்றபடி கைப்பேசியில் பார்ப்பார், கண் மங்கிய ஒரு பெரியவர் எழுத்தை இரண்டு மடங்கு பெரிதாக்கிப் பார்ப்பார். ஒவ்வொருவர் கருவியும் மரத்தை வாங்கிக்கொண்டு அந்தந்த நேரத்தில் புதிதாக வரைந்து காட்டுகிறது. எடிட்டர் திரையில் நாம் பார்ப்பது பல தோற்றங்களில் ஒன்று மட்டுமே.

1990-களின் நடுவில் சந்தைக்கு வந்த எடிட்டர்கள் பல இதை ஏற்க மறுத்தன. மாசசூசெட்ஸில் 1994-இல் தொடங்கிய வெர்மீர் டெக்னாலஜீஸ் என்ற சிறிய நிறுவனம் உருவாக்கிய ஃப்ரண்ட்பேஜை 1996 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட் சுமார் 13 கோடி டாலருக்கு வாங்கியது. அடோபியின் பேஜ்மில், நெட்ஸ்கேப்பின் கம்போசர், 1997 டிசம்பரில் மேக்ரோமீடியாவின் ட்ரீம்வீவர் என்று வரிசையாக வந்தன. எழுத்தை இங்கே, படத்தை அங்கே என்று இழுத்து வைத்தால் அந்த இடத்தை நிலைநிறுத்துவதற்காகக் கண்ணுக்குத் தெரியாத அட்டவணைகளையும் ஒரு புள்ளி அளவே உள்ள நிறமற்ற படங்களையும் பக்கத்துக்குள் செருகுவது அந்தக் காலத்து வழக்கம். தோற்றத்தைத் தனியாக எழுதிவைக்கும் சிஎஸ்எஸ் முறையை ஹோக்கன் வியும் லீ 1994-இலேயே முன்மொழிந்துவிட்டார். ஆனால் உலாவிகள் அதை ஒழுங்காகப் பின்பற்றப் பல ஆண்டுகள் ஆயின. அதுவரை மரம் சிதைந்தது, தாள் மட்டும் அழகாக இருந்தது.

அந்தக் கூட்டத்தில் என் மனதுக்கு நெருக்கமானது அமாயா. இணையத் தரநிலைகளை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பும் பிரான்சின் இன்ரியா ஆய்வு நிறுவனமும் சேர்ந்து 1996 முதல் வளர்த்த எடிட்டர். அது உலாவியும்கூட, செர்னின் பழைய கனவை அது விடவில்லை. ஒரே பக்கத்தைப் பல ஜன்னல்களில் காட்டும்: ஒன்றில் தோற்றம், ஒன்றில் மரம், ஒன்றில் மூல எழுத்து. எதில் மாற்றினாலும் மற்றவையும் மாறும். இந்தத் துறையைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல பாடம் ஒன்று இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. 2012 ஜனவரியில் வந்த பதிப்போடு அதன் வளர்ச்சி நின்றுவிட்டது.

இனி அந்த மொழிபெயர்ப்பாளரின் வேலையை நெருங்கிப் பார்ப்போம்.

நூலகப் பக்கத்தில் தடித்த 'வெள்ளிக்கிழமை'யின் கடைசி எழுத்துக்குப் பின்னால் கர்சர் துடிக்கிறது. திரையில் அது ஒரே இடம். மரத்தில் அது பல இடங்கள்: தடித்த டேக்குக்கு உள்ளே, கடைசி எழுத்துக்குப் பின், அல்லது டேக்கை விட்டு வெளியே வந்த உடனே, அல்லது அடுத்த சாதாரண எழுத்துத் துண்டின் தொடக்கத்தில். இப்போது 'தோறும்' என்று தட்டச்சு செய்தால் அது தடித்து வர வேண்டுமா, சாதாரணமாக வர வேண்டுமா? கண்ணுக்குத் தெரியும் எதுவும் இதற்குப் பதில் சொல்லாது. எடிட்டர் நம் மனதை ஊகிக்கிறது. பெரும்பாலான எடிட்டர்கள் முன்னால் இருக்கும் எழுத்தின் குணத்தையே பின்னால் வருவதற்கும் கொடுக்கின்றன. சரிதான். ஆனால் அது தடித்த சொல்லாக இல்லாமல் ஓர் இணைப்பாக இருந்தால்? இணைப்பின் கடைசியில் தொடர்ந்து எழுதுபவர் அநேகமாக இணைப்புக்கு வெளியே எழுதத்தான் நினைப்பார். ஆகவே அதற்கு வேறு விதி. நாம் ஒரு கணமும் யோசிக்காமல் கடந்துபோகும் இடத்தில், யாரோ உட்கார்ந்து நமக்காக யோசித்திருக்கிறார்கள்.

இன்னொன்று. ஒரு வரியில் நான்கு சொற்கள். முதல் மூன்றைத் தேர்ந்தெடுத்துத் தடித்த எழுத்தாக்குகிறோம். பிறகு கடைசி மூன்றைத் தேர்ந்தெடுத்துச் சாய்வெழுத்தாக்குகிறோம். கையில் பேனா இருந்தால் இதில் சிக்கலே இல்லை. மரத்தில் சிக்கல்: தடித்த டேக்கும் சாய்வு டேக்கும் ஒன்றையொன்று பாதியில் வெட்டுகின்றன, அது கூடாது. எடிட்டர் சத்தமில்லாமல் சாய்வை இரண்டாகப் பிளக்கிறது. நடுவிலுள்ள இரண்டு சொற்களுக்குத் தடித்த டேக்குக்குள்ளே ஒரு சாய்வு டேக். கடைசிச் சொல்லுக்கு வெளியே தனியாக இன்னொன்று. பிறகு தடிப்பை நீக்கினால், பிளந்த இரண்டு துண்டுகளையும் மறுபடி ஒட்ட வேண்டும். ஒட்ட மறக்கும் எடிட்டரில் நாலு முறை மாற்றிவிட்டு மூல எழுத்தைப் பார்த்தால் ஒரே வரி பத்துத் துண்டாகக் கிடக்கும். திரையிலோ ஒரு மாற்றமும் தெரியாது.

2000-இல் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 5.5 வந்தபோது மைக்ரோசாஃப்ட் ஒரு சிறு கதவைத் திறந்தது. பக்கத்தின் எந்தப் பகுதிக்கும் 'இதைத் திருத்தலாம்' என்ற ஒரே ஒரு பண்பைச் சேர்த்தால் போதும். உலாவியே அந்தப் பகுதியை எடிட்டராக மாற்றிவிடும். மற்ற உலாவிகளும் அதைத் தொடர்ந்தன. செர்னில் தொலைந்த வசதி வேறு வழியாகத் திரும்பி வந்தது. ஆனால் ஒவ்வோர் உலாவியும் தன் போக்கில் நடந்தது. ஒரு வரியின் முடிவில் என்டரைத் தட்டினால் எக்ஸ்புளோரர் புதிய பத்தி தொடங்கியது. குரோம் பொருளற்ற ஒரு பெட்டியைப் போட்டது. ஃபயர்ஃபாக்ஸ் வெறும் வரி முறிவைச் செருகியது. 2018-இல்தான் ஃபயர்ஃபாக்ஸ் குரோமின் வழிக்கு வந்தது. ஒரே விசை, மூன்று வகை மரங்கள்.

அதனால்தான் பெரிய எடிட்டர்களை எழுதியவர்கள் உலாவியை முழுதாக நம்புவதை விட்டுவிட்டார்கள். 2010-இல் புதிதாக எழுதப்பட்ட கூகுள் டாக்ஸ், துடிக்கும் கர்சரைக்கூடத் தானே வரைந்துகொண்டது. பிற்காலத்து எடிட்டர்கள் பல, ஆவணத்தைத் தமக்குள் வேறொரு வடிவத்தில் வைத்துக்கொள்கின்றன: எழுத்துகள் ஒரே நேர்வரிசையில், எந்த எழுத்து தடித்தது, எது சாய்ந்தது என்ற குறிப்பு அந்தந்த எழுத்தோடு. வெட்டிக்கொள்ளும் சிக்கல் அங்கே எழுவதே இல்லை. உலாவிக்குக் காட்டும் நேரத்தில் மட்டும் அந்த வரிசையிலிருந்து ஒழுங்கான மரம் ஒன்றைப் புதிதாகக் கட்டிக் கொடுக்கின்றன.

தமிழில் எழுதுபவருக்கு இதற்கும் கீழே இன்னொரு தளம் இருக்கிறது. 'கொ' என்ற எழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள். திரையில் இடது பக்கம் கொம்பு, நடுவில் ககரம், வலது பக்கம் கால். யூனிகோடு என்ற பொதுக் குறியேற்றத்தில் சேமிப்பது இரண்டே குறியீடுகள்: முதலில் ககரம், அடுத்து ஒகரக் குறி. அந்த ஒரு குறியைத்தான் எழுத்துரு இரண்டாகப் பிரித்து ககரத்தின் இரு பக்கமும் வைக்கிறது. அம்பு விசையால் நகர்ந்தால் கர்சர் 'கொ'வை முழுதாகத் தாண்டும், நடுவில் நிற்காது. ஆனால் எழுத்துக்குப் பின்னால் நின்று பேக்ஸ்பேஸை அழுத்தினால் பொதுவாகக் குறி மட்டும் போய் 'க' எஞ்சும். முன்னால் நின்று டெலீட்டை அழுத்தினால் முழு எழுத்தும் போகும். இரண்டு விசைக்கும் இரண்டு நடத்தை. தட்டச்சு செய்தவர் கடைசியாகப் போட்ட குறியைத்தான் தவறவிட்டிருப்பார், அதை மட்டும் மாற்ற விரும்புவார் என்ற எண்ணம் இதன் பின்னால் இருக்கிறது. தமிழில் பிழை திருத்தும்போதெல்லாம் இந்த ஏற்பாடு நமக்கு உதவுகிறது.

யூனிகோடு பரவுவதற்கு முந்தைய தமிழ் இணையப் பக்கங்களின் கதை, இந்தக் கட்டுரையின் மையத்தையே தொடுகிறது. அன்றைய தமிழ் எழுத்துருக்கள் பல, ஆங்கில எழுத்துக்கான இடங்களில் தமிழ் வடிவங்களை வைத்திருந்தன. கணினியைப் பொறுத்தவரை சேமிக்கப்பட்டது ஆங்கில எழுத்துகளும் சில விசித்திரக் குறிகளும். குறிப்பிட்ட எழுத்துருவைப் பூசினால் தமிழாகத் தெரியும். விஷுவல் எடிட்டரில் பத்தியைத் தேர்ந்தெடுத்து எழுத்துருவின் பெயரைச் சொடுக்கினால் போதும், எதிரே அழகான தமிழ்ப் பக்கம். அதே பக்கத்தை, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் இன்னொருவர் திறந்தால் ஒரு வரியும் புரியாது. தேடு பொறிக்கும் புரியாது. நாளிதழ்கள் தமக்கென்று எழுத்துரு வைத்துக்கொண்டு, அதைப் பக்கத்தோடு சேர்த்தே அனுப்பும் உபாயங்களைக் கையாண்டன. கண்ணில் தெரிந்தது தமிழ். உள்ளே தமிழ் இல்லை.

இந்தச் சிதறலை ஒழுங்கு செய்யப் பலர் உழைத்தார்கள். செர்னுக்கு அருகிலுள்ள ஜெனீவா ஏரியின் கரையில், லோசான் நகரில் வேதியியல் ஆய்வாளராக இருந்த கு. கல்யாணசுந்தரம், மயிலை எழுத்துருவை உருவாக்கி இலவசமாகக் கொடுத்தவர். 1998 பொங்கலன்று அவர் முன்னின்று தொடங்கிய மதுரைத் திட்டம், உலகின் பல மூலைகளில் இருந்த தன்னார்வலர்கள் தட்டச்சு செய்த தமிழ் நூல்களை இணையப் பக்கங்களாக வெளியிட்டது. முதலில் திஸ்கி என்ற குறியேற்றத்தில், பின்னர் யூனிகோடில். 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாடு விசைப்பலகைக்கும் குறியேற்றத்துக்கும் பொது வழி தேடியது. இன்று கைப்பேசியில் 'அ' என்று தட்டினால் எந்த நாட்டில் எந்தக் கருவியிலும் அது 'அ'வாகவே சேமிக்கப்படுவதற்குப் பின்னால் இப்படிப் பலருடைய பல ஆண்டு உழைப்பு இருக்கிறது. நன்றியோடு சொல்ல வேண்டிய செய்தி இது.

எழுத்துக்கு நேர்ந்த அதே கதி தலைப்புக்கும் நேர்கிறது, இன்றுவரை. நூலகத்தின் பெயரைத் தலைப்பாக்க இரண்டு வழி உண்டு. எடிட்டரின் கீழிறங்கு பட்டியலில் 'தலைப்பு 1' என்பதைத் தேர்ந்தெடுக்கலாம். அல்லது சாதாரணப் பத்தியாகவே விட்டு, அளவைப் பெரிதாக்கி, தடித்த எழுத்தாக்கி, நடுவில் நிறுத்தலாம். பார்ப்பதற்கு இரண்டும் ஒன்று. பார்க்க முடியாதவருக்கு?

என்விடிஏ என்ற திரைவாசிப்பானைப் பார்வையற்றவர்கள் உலகெங்கும் இலவசமாகப் பயன்படுத்துகிறார்கள். 2006-இல் ஆஸ்திரேலியாவின் மைக்கேல் கரன் எழுதத் தொடங்கியது அது, அவரும் பார்வையற்றவர். அதில் 'எச்' விசையை அழுத்தினால் பக்கத்தின் அடுத்த தலைப்புக்குத் தாவும். 1 என்ற எண்ணை அழுத்தினால் முதல் நிலைத் தலைப்பு, 2-ஐ அழுத்தினால் இரண்டாம் நிலை. நாம் கண்ணை மேலும் கீழும் ஓட்டி ஒரு நொடியில் பக்கத்தின் அமைப்பைப் பிடிப்பதை அவர்கள் இந்த விசைகளால் செய்கிறார்கள். உண்மைத் தலைப்பு என்றால் குரல் அங்கே போய் நிற்கும். பெரிதாக்கிய பத்தி என்றால் தலைப்பே இல்லை என்று சொல்லிவிடும். புகைப்படத்துக்கு மாற்று விவரம் எழுதியிருந்தால் அதை வாசிக்கும். எழுதாவிட்டால் அங்கே ஒரு படம் இருப்பதை மட்டும் சொல்லும், அல்லது கோப்பின் பெயரை உச்சரிக்கும். பக்கத்தின் மொழி தமிழ் என்று குறித்திருந்தால் தமிழ்க் குரலுக்கு மாறவும் முடியும். பல எடிட்டர்கள் மொழியை ஆங்கிலம் என்றே குறித்துவைக்கின்றன. திரையில் அது தெரியாததால் யாரும் மாற்றுவதில்லை. ஒரு விஷுவல் எடிட்டர் நல்லதா என்று பார்க்க எனக்குத் தெரிந்த மிகச் சரியான சோதனை, அதில் செய்த பக்கத்தைக் கண்ணை மூடிக்கொண்டு திரைவாசிப்பானில் கேட்பதுதான். பல ஆடம்பரமான எடிட்டர்கள் இதில் தோற்கின்றன.

மொழிபெயர்ப்பாளர் வேலையின் உச்சம் என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால், விக்கிப்பீடியாவின் விஷுவல் எடிட்டரைச் சொல்வேன். விக்கிப்பீடியா தன் கட்டுரைகளை எச்டிஎம்எல்லில் சேமிப்பதில்லை. விக்கிநிரல் என்ற தனி எழுத்துமுறை. நட்சத்திரக் குறி போட்டால் பட்டியல், இரட்டைச் சதுர அடைப்பு போட்டால் இணைப்பு. அதை ஆயிரமாயிரம் பேர் ஆளுக்கொரு பழக்கத்தில் எழுதியிருக்கிறார்கள். ஒருவர் இடைவெளி விடுவார், ஒருவர் விடமாட்டார். விஷுவல் எடிட்டர் அதை மரமாக மாற்றிக் காட்ட வேண்டும். வாசகர் ஒரு காற்புள்ளியை மாற்றிச் சேமித்தால், மரத்தை மறுபடி விக்கிநிரலாக்க வேண்டும். இப்படிப் போய்த் திரும்பும்போது மற்றவர்களின் இடைவெளிகளெல்லாம் 'ஒழுங்காகி'விட்டால், ஒரு காற்புள்ளித் திருத்தம் வரலாற்றுப் பக்கத்தில் ஐம்பது வரித் திருத்தமாகக் காட்சி தரும். யார் எதை மாற்றினார்கள் என்று கண்காணிக்கும் தன்னார்வலர்களின் வேலையே கெட்டுவிடும்.

பார்சாய்டு என்ற மென்பொருள் இதற்குக் கண்ட வழி நுட்பமானது. விக்கிநிரலை மரமாக்கும்போதே, மரத்தின் ஒவ்வொரு கிளையும் மூல எழுத்தின் எத்தனையாவது எழுத்திலிருந்து எத்தனையாவது எழுத்துவரை உள்ள பகுதியிலிருந்து வந்தது என்று அது குறித்துவைக்கிறது. திரும்பும்போது, மனிதர் தொடாத கிளைகளுக்குப் புதிதாக எதையும் எழுதுவதில்லை. மூல எழுத்தின் அந்தப் பகுதியை அப்படியே எடுத்து ஒட்டிவிடுகிறது. தொட்ட கிளையை மட்டும் புதிதாக எழுதுகிறது. யாரோ எப்போதோ விட்ட ஓர் இடைவெளிக்குக்கூட இவ்வளவு மரியாதை கொடுக்கும் மென்பொருளை நினைத்தால் எனக்கு உண்மையிலேயே மனம் நிறைகிறது.

அங்கே போய்ச் சேர்ந்த பாதை சுலபமாக இல்லை. 2013 ஜூலையில் ஆங்கில விக்கிப்பீடியாவில் விஷுவல் எடிட்டரை எல்லோருக்கும் திறந்துவிட்டபோது எதிர்ப்பு வலுத்தது. செப்டம்பரில், விரும்பித் தேர்ந்தெடுப்பவர்களுக்கு மட்டும் என்று மாற்ற வேண்டியிருந்தது. அந்த நாட்களில் கட்டுரைகளின் நடுவே காரணமில்லாமல் சதுரங்கச் சிப்பாய் குறியீடுகள் முளைத்தன. வெற்று இடத்தில் கர்சர் நிற்பதற்கு மரத்தில் ஏதாவது ஒரு எழுத்து வேண்டும். அதற்காக எடிட்டர் ஒரு கணம் வைத்துவிட்டு எடுத்துவிட வேண்டிய குறி அது. சில நேரம் எடுக்காமல் விட்டுவிட்டது. வேறு பல எடிட்டர்கள் இதே வேலைக்கு அகலமே இல்லாத, கண்ணுக்குத் தெரியாத இடைவெளிக் குறியைப் பயன்படுத்துகின்றன. நகலெடுத்து ஒட்டிய சொல்லைத் தேடினால் சில சமயம் கிடைக்காமல் போவதற்கு அப்படி ஒட்டிக்கொண்டு வந்த குறியும் ஒரு காரணம்.

2018 டிசம்பரில் வேர்டுபிரெஸ் 5.0 தன் பழைய எடிட்டரை மாற்றித் தொகுதி முறைக்கு வந்தது. பத்தி ஒரு தொகுதி, படம் ஒரு தொகுதி, தலைப்பு ஒரு தொகுதி. எழுதுபவரைத் தாளில் வரைய விடாமல் மரத்தின் கிளைகளையே கையில் கொடுக்கும் முறை. பழகியவர்கள் பலருக்கு எரிச்சல் வந்தது உண்மை. ஆனாலும் எழுதுபவர் 'இது தலைப்பு', 'இது பட்டியல்' என்று வாய்விட்டுச் சொல்லும்படி செய்வதால், நான் இதை முன்னேற்றம் என்றே கருதுகிறேன்.

இதையெல்லாம் கண்ணால் பார்க்க விரும்புபவருக்கு சீமங்கி நல்ல தொடக்கம். நெட்ஸ்கேப் காலத்து கம்போசர் அந்த மென்பொருளுக்குள் இன்றும் இலவசமாகக் கிடைக்கிறது. ஜன்னலின் அடியில் சில தாவல்கள் இருக்கும். முதல் தாவலில் நூலகத்தின் பெயரை எழுதி 'தலைப்பு 1' கொடுங்கள், நேரங்களைப் பட்டியலாக்குங்கள், படத்தைச் செருகும்போது கேட்கும் மாற்று விவரப் பெட்டியில் 'சாலையிலிருந்து தெரியும் நூலகக் கட்டடம்' என்பது போல ஒரு வரி எழுதுங்கள். பிறகு டேக்குகளைக் காட்டும் இரண்டாம் தாவலுக்குப் போனால், எழுதிய ஒவ்வொரு வரியின் பக்கத்திலும் அதன் டேக் சிறிய மஞ்சள் வில்லையாக ஒட்டியிருக்கும். மூன்றாவதில் மூல எழுத்து. முதல் தாவலுக்குத் திரும்பி ஒரு சொல்லைத் தடித்த எழுத்தாக்கிவிட்டு மறுபடி மூன்றாவதைப் பாருங்கள். அதன் இரு பக்கமும் புதிய அடைப்புக்குறிகள் வந்திருக்கும். பக்கத்தின் மொழி என்னவென்று குறித்திருக்கிறதா என்று அங்கேயே பார்த்து, இல்லையென்றால் தமிழைக் குறிக்கும் இரண்டு எழுத்துகளைச் சேர்த்துவிடுங்கள். கோப்பைச் சேமித்து, உலாவியில் திறந்து, ஜன்னலைக் கைப்பேசி அகலத்துக்குச் சுருக்கிப் பாருங்கள். வரிகள் தாமாக மடங்கிக்கொள்ளும். படம் மட்டும் அகலம் அதிகமாக இருந்தால் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். அதன் அகலத்தைப் பக்கத்தின் நூறு சதவீதம் என்று மாற்றினால் அதுவும் அடங்கிவிடும்.